ஆறு மணி நேரத் தூரம்

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. பக்கத்து வீட்டில் ஒரு தையல்காரி. கணவர் பஸ் ஓட்டுகிறார். அவர்களோடு நான் பேசியதில்லை. பேசக் கூச்சப்படுகிறவர்களுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வானத்தில் ஒரு வெள்ளிப் பறவை…’ அடித்துவிட்டேன். விமானத்தின் அடிவயிற்றைத் தவிர நான் எதைப் பார்த்திருக்கிறேன்?

2

தையல்காரியின் தங்கை வெகுதூரத்து நகரம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். அவள் போன அன்று, டிக்கெட்டில் காலை ஒன்பதுக்கு ஏற்றம், அதே நாள் பிற்பகல் மூன்றுக்கு இறக்கம். அக்கா விரல் விட்டு எண்ணினாள். ஆறு மணி நேரம்.

பிறகு ஒருநாள் காலையில் அம்மா இறந்தாள். மாலைக்குள் எடுத்தாக வேண்டும். “என்னால வந்து சேர முடியாதுக்கா” என்று தங்கை போனில் அழுதாள். அக்கா கூடியிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னாள்:

“ஆறு மணி நேரப் பயணம். வர மனசில்ல.”

சொந்தமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லித் தங்கையை அவள் முதுகுக்குப் பின்னால் ஏசியது. அதன்பின் அக்கா அவள் போனை எடுக்கவே இல்லை.

[இவளைக் கொஞ்சம் நல்லவளாக எழுதலாமா என்று பார்த்தேன். வரவில்லை. அன்று இவளுக்கும்தான் அம்மா போனாள். அதை மட்டும் மறக்காதீர்கள்.]

3

நேற்று தங்கை, தான் வருகிற டிக்கெட்டைப் படம் எடுத்து அக்காவின் கணவருக்கு அனுப்பினாள்.

“என்னங்க இது, காலைல ஒம்பதுக்கு ஏறி மறுநாள் மத்தியானம் இறங்குறாளாம்? வழியில எங்க ஊர் சுத்துறா?”

“எங்கயும் சுத்தல. அங்க மணி வேற, இங்க மணி வேற. போகும்போது கடிகாரம் சலுகை காட்டுச்சு, வரும்போது வட்டியோட பிடுங்குது. நெசத்துல போக வர ரெண்டும் பதினாறரை மணி நேரம். நானும் இன்னிக்குத்தான் அவகிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.”

“அப்ப அன்னிக்கு… உடனே ஏறியிருந்தாக்கூட…”

“வந்திருக்க முடியாது.”

[இங்கே ‘அவள் நெஞ்சில்’ என்று ஆரம்பித்து நிறுத்தினேன். நெஞ்சில் என்ன என்று சுவர் சொல்லவில்லை. தையல் மிஷின் நின்றது கேட்டது, அவ்வளவுதான்.]

“நீ சொன்னது அவ காதுக்குப் போகல. கிளறாதே, விடு.”

“அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே.”

4

ஒரு முடிவு: அக்கா வாசலிலேயே சொல்லிவிடுகிறாள். இவள் பாரம் இறங்குகிறது. இதுவரை இல்லாத ஒரு வலியைத் தங்கை பெட்டியோடு உள்ளே தூக்கி வருகிறாள்.

இன்னொன்று: சொல்வதில்லை. வெந்நீர் போட்டுக் கொடுக்கிறாள், தலை துவட்டிவிடுகிறாள். ஏதோ ஒரு கல்யாண வீட்டில் தங்கை அதை யாரோ ஒருவர் வாயால் கேட்கிறாள்.

மூன்றாவது: விமானம்… (வேண்டாம். கதை முடிய வேண்டுமென்று யாருடைய தங்கையையும் நான் கொல்ல மாட்டேன்.)

5

இதை எழுதும்போது தங்கை இன்னும் வானத்தில்தான் இருக்கிறாள். பக்கத்து வீட்டில் அறையைப் பெருக்கும் சத்தம். நடுவே அக்கா தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறாள்:

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி.”

கொஞ்சம் பெருக்குகிறாள். மறுபடியும், “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி.”

அதற்கு மேல் அவளுக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. நீங்கள் அவளாகக் கதவருகே நின்று சொல்லிப் பாருங்கள். தங்கை செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்கிறாள். “என்னக்கா?” என்கிறாள்.