பொக்கைப் பனிக்கு மேல்

குளிரில் உழைக்கும் சாமான் எதையும் நாங்கள் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. துப்பாக்கி, சறுக்குக்கட்டை எல்லாம் கொட்டகையில்தான் தூங்கும். உள்ளே வந்தால் வேர்த்துவிடும். திரும்ப வெளியே போனதும் அந்த ஈரம் உறைந்து இறுகிவிடும். எங்கள் வடகோடி ஊரான ஆல்தாவில் ட்ரோன் வாங்கிய முதல் குளிர்காலத்தில் என் கணவர் இஸ்ஸாத் அதையும் கொட்டகையில் மாட்டிவைத்தார், பேட்டரியோடு. காலையில் மேலே ஏற்றினால் ஆள் உயரம்கூடப் போகவில்லை, பொத்தென்று விழுந்தது.

"பேட்டரி என்ன துப்பாக்கியா? பச்சப்புள்ள மாதிரிங்க, கதகதப்பா வெச்சுக்கணும்," என்றேன்.

"அப்போ நீயே சுமந்துக்க."

அன்றிலிருந்து பேட்டரிகள் என் மான்தோல் அங்கிக்குள், நெஞ்சோடு. அவர் கையை நீட்டுவார், நான் எடுத்துக் கொடுப்பேன், கன்னத்தில் வைத்துச் சூடு பார்ப்பார். "நம்ம பொண்ணைக்கூட நீ இவ்வளவு பத்திரமா தூக்கல ராவ்னா," என்று சீண்டுவார். முழங்கால் உயரத்தில் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு, இறக்கி, இறக்கைகளில் பனி ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்த பிறகுதான் எங்கள் பனிமான் மந்தையைத் தேடி அனுப்புவார். "பாதி தீர்ந்ததும் திருப்பிடணும். குளிர்ல மீதிப் பாதி பொய்." அந்தக் குளிர்காலங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

பனிமான்கள் வெறும் ட்ரோனுக்குச் சீக்கிரமே பழகி, அதைக் கண்டு திரும்புவதை விட்டுவிட்டன. அதனால் அதன் வயிற்றில் ஓர் ஒலிபெருக்கியைக் கட்டி, மந்தையை மடக்கும் தன் கூவலை அதிலேயே பதிந்துவைத்தார். "ஹோய், ஹோய், திரும்புங்கடி மகாராணிங்களா!" போன வருஷம் வசந்தத்தில் மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது. போனில் பேசிப் பதிகிற ஆளில்லை அவர். அவர் குரல் என்று மிஞ்சியது அந்த ஒலிபெருக்கியில் இருந்தது மட்டும்தான். மலிவான சாமான், அதிலிருந்து பிரதி எடுக்க வழியில்லை என்று கடைக்காரன் கையை விரித்துவிட்டான்; ஒலிக்கவிட்டுப் போனில் பிடித்தால் வெறும் இரைச்சல்தான் வந்தது.

இந்தத் தையில் ஒரு நண்பகல். எங்கள் பக்கம் நடுக்குளிர்காலத்தில் நண்பகலிலும் சூரியன் எழாது, நீல வெளிச்சம்தான். மந்தை அணை ஏரியை நோக்கி நடந்துகொண்டிருந்தது. குளிர்காலத்தில் மின்சாரத்துக்காக அடியில் தண்ணீரை இறக்கிவிடுவார்கள். மேலே பனிக்கட்டி மட்டும் வெறும் கூரையாக நிற்கும். அதைத்தான் பொக்கைப் பனி என்போம். கரையோரம் மான்களைத் தாங்கும், நடுவில் தாங்காது.

"பனிவண்டியை விட்டா நானும் உள்ள போயிடுவேன் அண்ணி. ட்ரோனை ஏத்துங்க," என்றான் இஸ்ஸாத்தின் தம்பி மாஹ்தே.

ஏற்றினேன். மதகுப் பக்கம் மூடுபனி. மந்தைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திக் குரலைத் திறந்தேன். முன்னால் போன கிழட்டுப் பெண்மான் நின்றது, திரும்பியது. அதன் பின்னே ஐம்பது அறுபது திரும்பின. இளசுகள் மட்டும் கேட்கவில்லை, நடுவை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தன.

"பாதி தீந்துடுச்சு அண்ணி! மூடுபனி வேற. திருப்புங்க, அண்ணன் குரல் அதுலதான இருக்கு!"

"மந்தையும் உங்கண்ணனோடதுதான்டா."

இறக்கைகளில் பனி ஏறுவது என் கையிலிருந்த திரையில் ஓடிய படத்திலேயே தெரிந்தது. ட்ரோன் தள்ளாடித் தள்ளாடித் தாழ்ந்தது. திருப்பும் பொத்தான் என் கட்டைவிரலுக்குக் கீழேதான் இருந்தது. அழுத்தினால் வந்துவிடும், ஒருவேளை. நான் அதை இளசுகளின் மூக்குக்கு நேரே கொண்டுபோனேன். "ஹோய், ஹோய், திரும்புங்கடி" என்று அவர் கத்தினார். கடைசிக் குட்டியும் மிரண்டு திரும்பி ஓடியது. அப்புறம் படம் கறுத்தது. தூரத்தில் பனி உடைகிற சத்தம் மட்டும் கேட்டது.

மாஹ்தே மூக்கை உறிஞ்சினான். "நான் வேணா கத்திப் பதிஞ்சு தரேன் அண்ணி."

"உன் சத்தத்துக்கு ஊர்ல இருக்கிற நாய்கூட திரும்பாது," என்றேன். சிரித்தேன், அழுதேன், இரண்டும் சேர்ந்துதான் வந்தது.

மந்தை முழுக்கக் கரையேறிவிட்டது. ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் மான்கள் காட்டுப் பக்கம் நகரவில்லை. காதுகளை ஏரிப் பக்கம் திருப்பி, அடுத்த கூவலுக்காகக் காத்து நின்றன. நானும்தான் நின்றேன்.