ஐந்து பல் வெட்டிய ஹோல்டர்

முப்பது பேராசிரியர்கள் நின்ற குழுப்படத்தில், நடுவில் இருந்த கல்லூரி முதல்வரின் முகத்துக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. பெரிய கேமராவில் செருகும் தட்டைப் பெட்டிகளான ஹோல்டர்களில் ஃபிலிம் ஏற்றுவது மனைவிதான் என்பதால், ஸ்டுடியோக்காரர் பழியைத் தூக்கி அவள் தலையில் போட்டார். இருட்டறைக் கதவை அவள் ஒழுங்காகச் சாத்தவில்லையாம்.

"திங்கக்கிழமையிலேருந்து லேப்காரர் ஏத்தித் தருவார். நீ விட்டுடு."

பதினோரு வருடமாகச் செய்கிற வேலை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "திங்கக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்குல்ல," என்றாள்.

இருந்தவை நான்கு ஹோல்டர்கள். பக்கத்துக்கு ஒரு ஃபிலிமாக, முன்னும் பின்னும் சேர்த்து எட்டுப் பக்கம். முக்கோண அரத்தை எடுத்து, ஃபிலிமின் ஓரத்தை மறைக்கும் விளிம்பில் முதல் பக்கத்துக்கு ஒரு வெட்டு, அடுத்ததற்கு இரண்டு என்று எட்டு வரை ராவினாள். படமெடுக்கும்போது அந்த வெட்டுகள் நெகட்டிவின் ஓரத்தில் கறுப்புப் பற்களாகப் பதியும். எது எந்தப் பக்கத்தில் எடுத்த படம் என்று யாரும் சத்தியம் பண்ணத் தேவையில்லை.

"ஹோல்டருக்குப் பல்லு கட்டுறியா?" என்று கிண்டலடித்தார்.

"ஆமாங்க. யாரைக் கடிக்குதுன்னு பாப்போம்."

எட்டிலும் ஃபிலிம் ஏற்றி, எதிர்ச்சுவரைப் படமெடுக்கச் சொன்னாள். கழுவித் தொங்கவிட்டதில் ஏழு சுத்தம். ஒன்றில் மட்டும் பழைய கோடு, நெகட்டிவ் என்பதால் கறுப்பாக. ஓரத்தில் ஐந்து பல். சந்தேகமே வேண்டாமென்று இன்னொரு முறை எடுத்தார்கள்; மறுபடியும் அதே ஐந்து.

அந்தப் பக்கத்தின் மூடித் தகட்டை உருவிப் பார்த்தாள். தகடு நுழையும் வாயில் வெளிச்சத்தைத் தடுக்கும் வெல்வெட், ஒரு மூலையில் மொட்டையாகத் தேய்ந்திருந்தது. அது அவருடைய ராசியான ஹோல்டர். முக்கியமான படம் என்றால் அதைத்தான் தேடுவார். அவசரத்தில் தகட்டைக் கோணலாகச் செருகிச் செருகி அந்த மூலையைத் தேய்த்ததும் அவர்தான். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தேய்ந்த மூலையை அவரிடம் காட்டிவிட்டு, பழைய வெல்வெட்டைச் சுரண்டி, தூசியை பிரஷ்ஷால் தட்டி, புதுத் துண்டை ஒட்டிக் காயவைத்தாள். ஃபிலிம் ஏற்றி, தகட்டை மூடி, உச்சிவெயிலில் பத்து நிமிடம் வைத்தாள். கழுவியபோது பொட்டுக் கறுப்புகூட இல்லை.

அவர் அந்த நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தப்பு என்னோடதுதான்," என்றார். பிறகு ஃபோனை எடுத்தார்.

"லேப்காரரே, திங்கக்கிழமை நீங்க வர வேணாம். இங்கயே ஆள் இருக்கு."

"யாருன்னும் சொல்லுங்க," என்று இருட்டறையிலிருந்து அவள் குரல் வந்தது.

"என் பொண்டாட்டிதான்," என்றார் அவர். "என்னைவிட நல்லா வேலை தெரிஞ்சவ."