குடித்து முடித்த மருந்து யார் சொத்து?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆரியசாலைக் கடைகள் ஷட்டரை இறக்கிவிட்டால், பிளாஸ்டிக் பாத்திரக் கடையின் மாடி கோடவுன் இசக்கிசெல்வியின் ராஜ்யம். மற்ற நாளெல்லாம் அங்கே வாளியும் குடமும் இறக்கி ஏற்றுகிறவள், ஞாயிறு மட்டும் மருதி. மருதி காகிதத்தில் வாழ்கிற வைத்தியச்சி. பகடை உருட்டிக் கதை சொல்லி ஆடுகிற ஆட்டத்தில் செல்வி மூன்று வருஷமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த ஆள்.

கதையை நடத்துகிறவன் கேசவ், கோட்டைப் பக்கத்து அக்ரகாரத்துப் பையன், டெக்னோபார்க்கில் வேலை. கூட ஆடுகிறவன் பிரஜின். விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை பார்க்கிற அவன் ஆட்டத்தில் வாள்வீரன். மூன்றே பேர்தான், ஆனால் சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

அன்று கேசவ் தலையில் குண்டைத் தூக்கிப் போட்டான்.

"அடுத்தது கல்நாகத்தோட குகை. பத்தாம் படிக்கு வந்த ஆள்கிட்ட இவ்வளவு சொத்து இருக்கணும்னு விதி. அது இருக்கும்னு நம்பித்தான் ஆட்டத்தை எழுதினவா நாகத்துக்குப் பலம் குடுத்திருக்கா. பிரஜின்கிட்ட இருக்கு. செல்வி, உங்ககிட்ட கால்வாசி கூட இல்லே. மீதி மருந்து வாங்கினதுல போச்சு, அதுவும் உங்க சொத்துக் கணக்குலதான் சேரும்."

எப்படி இருக்கும்? கிடைத்த பொன்னுக்கெல்லாம் பிரஜின் மந்திர வாளும் கவசமுமாக வாங்கித் தள்ளினான். அவளோ உயிர்மருந்தாக வாங்கினாள். இந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு: ஒரு குப்பி மருந்துக்கு ஒரு நாரங்கா மிட்டாய், ஆரஞ்சுச் சுளை மாதிரி இருக்கும் புளிப்பு மிட்டாய். மருந்து யாருக்குப் போகிறதோ அவர் மிட்டாயை அங்கேயே தின்றுவிட வேண்டும். வாள் வாங்கினவனுக்கு வாள் இருக்கிறது. தின்ற மிட்டாய் திரும்பி வருமா?

"குடிச்சுத் தீந்ததை எப்படிய்யா என் சொத்துல சேப்ப?" என்றாள் செல்வி. "தீந்ததுக்குப் பதிலாப் புதுசு தா, கேசவ். இல்லன்னா முதல் அடியிலயே மருதி செத்துருவா. உன் கால்ல வேணா விழுறேன்."

"ஐயோ, அப்படியெல்லாம் பேசாதீங்கோ. உங்களுக்கு வர வேண்டிய பங்கு வந்தாச்சு, நீங்க செலவழிச்சேள். நான் திருப்பி நிரப்பினா, சேத்து வெச்ச பிரஜின் முட்டாளா?"

அதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, ஒரு வழி உண்டு," என்றான் பிரஜின். "மருதி சாவட்டும். புது ஆளு வந்தா முழுச் சொத்தோட வரும். அதும் விதிதானே? நமக்கு லாபம் அல்லே?"

அடப்பாவி! செத்தவளுக்குப் பதில் வருகிறவளுக்கு வாரிக் கொடுப்பார்களாம், உயிரோடு இருக்கிறவளுக்குக் கையை விரிப்பார்களாம். வீட்டில் அவள் பேச்சு எடுபடாது, கடையிலும் எடுபடாது. அவள் வைத்ததே சட்டம் என்று நடந்த ஒரே ஜீவன் மருதி. அவளைப் போய் லாபத்துக்குச் சாகவிடு என்கிறான்.

"யார் வாயில போச்சோ அவன் சொத்துல எழுது, கேசவ்! பாதிக்கு மேல தின்னது நீதானல, பிரஜின்?"

பிரஜினின் முகம் சுருங்கியது. "நான் கேட்டேனா அக்கா? நீங்களா தந்தது."

உண்மைதான். அவன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வாள்வீரன் விழுந்துவிட்டான் என்று கேசவ் சொல்லி முடிக்குமுன்பே அவள் மிட்டாயை நீட்டியிருப்பாள். மருதி கூட இருக்கையில் ஒருவரும் செத்ததில்லை, அதுதான் அவளுடைய பெருமை. இப்போது மிச்சம் ஒரே ஒரு மிட்டாய். "சரி, ஆரம்பி," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

பயந்ததுதான் நடந்தது. கல்நாகம் ஒரு தடவை விஷமூச்சை விட்டது. மருதிக்கு உயிர் நூலில் தொங்கியது. வாள்வீரன் கவசத்தோடு சாய்ந்தான்.

"ஒரு குப்பிதான் இருக்கு," என்றான் கேசவ். "குடிச்சவா எழுந்து ஓடலாம். மத்தவா பிழைக்க மாட்டா. யாருக்கு?"

பிரஜினின் கை பழக்கத்தில் தானாக நீண்டது.

செல்வி அந்தக் கையைப் பார்த்தாள். மிட்டாயை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மூன்று வருஷத்தில் ஒன்றுகூட அவள் தின்றதில்லை. புளிப்பு தொண்டையில் இறங்கியது.

"மருதி ஓடுறா," என்றாள்.

பிரஜின் நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டான். அவன் ஏசியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை. கொஞ்ச நேரம் தன் வாள்வீரனின் காகிதத்தைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "சாரமில்லக்கா, போட்டும்," என்று சிரித்தான். "எனக்கு இனி முழுச் சொத்து வருமல்லோ. வில்லாளி எடுக்கட்டா?" புதுக் காகிதம் ஒன்றை இழுத்து எழுதத் தொடங்கினான்.

செல்விக்குக் கண்ணீர் நிற்காமல் வழிந்தது. மருதி பிழைத்துவிட்டாள், வேண்டியது அதுதானே? பிறகு எதற்கு இந்த அழுகை?

கேசவ் தர்மசங்கடத்தோடு கதையைத் தொடர்ந்தான். "குகைக்கு வெளியிலே வில்லாளி ஒருத்தன் வரான். எதிர்க்கத் தனியா ஒரு வைத்தியச்சி..."

"வைத்தியச்சின்னு சொல்லாத, கேசவ்."

"பின்னே? நீ யாருன்னு அவன் கேக்கறான். என்ன சொல்லட்டும்?"

செல்வி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"தப்பிச்சு வந்த ஒருத்தின்னு சொல்லு."