கூட்டமைப்பின் மானம்

எங்கள் ஊரில் இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில் எவரும் திருமணம் வைப்பதில்லை. வைத்தால் பாதிரியாரே வருவாரா என்பது ஐயம். அலபாமா மாநிலம் முழுவதும் இதுவே வழக்கம். ஆகவே, கால்நடைத் தீவனக் கடை நடத்தும் திரு. ஹாலிஸ் ப்ரூயிட் அவர்கள் தம் ஒரே மகள் டெலனியின் திருமணத்தை ஜனவரி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமைக்குக் குறித்தபோது, சனிதோறும் நடக்கும், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் எங்கள் கல்லூரி ஃபுட்பாலின் பருவம் அதற்குள் முடிந்துவிடும் என்று நாங்கள் அனைவரும் மனமார நம்பினோம். பட்டத்துக்கான ஆட்டத்தொடரில் இப்போது நான்கு அணிகளுக்குப் பதிலாகப் பன்னிரண்டு அணிகள் மோதுகின்றன என்பதும், அதனால் அரையிறுதி ஜனவரி வரை நீள்கிறது என்பதும் அழைப்பிதழ்கள் தபாலில் போன பிறகுதான் எங்களுக்கு நினைவுக்கு வந்தன. நாட்காட்டியைப் பார்த்த திரு. ப்ரூயிட், மருத்துவரிடம் கெட்ட செய்தி கேட்டவரைப்போல் நாற்காலியில் அமர்ந்துவிட்டார் என்று அவருடைய தம்பி டூவி என்னிடம் கூறினார்.

மணமகன் கர்ட் ஒஹாயோக்காரர். அவருடைய தந்தை திரு. நார்பர்ட் ஷ்ரேடர் பல் மருத்துவர். நாற்பது ஆண்டுகளாக ஸயோடோ பல்கலைக்கழக அணியின் பக்தர். அந்த அணி, பல பல்கலைக்கழக அணிகள் ஒன்றுகூடிய 'பெரும்பத்து' என்னும் கூட்டமைப்பைச் சேர்ந்தது. திரு. ப்ரூயிட்டின் உயிரான கஹாபா அணியோ எங்கள் தென்கிழக்குக் கூட்டமைப்பைச் சேர்ந்தது. இரண்டில் எது வலியது என்ற வாதம் நிச்சயதார்த்த விருந்தில் தொடங்கிற்று. பெரும்பத்தில் பதினெட்டு அணிகள் இருக்கின்றனவே, அங்கே எண்ணத் தெரிந்தவர் எவரும் இல்லையா என்று திரு. ப்ரூயிட் பணிவாக விசாரித்தார். தென்கிழக்கில், மேற்கே கிடக்கும் டெக்சஸ் எப்போது வந்து சேர்ந்தது, பூமி திரும்பிக்கொண்டதா என்று திரு. ஷ்ரேடரும் அதே பணிவோடு கேட்டார்.

வாதத்தின் இலக்கணம் எளியது. தென்கிழக்கு அணி வெளி அணியை வென்றால் அது கூட்டமைப்பின் வலிமை. தோற்றால், தமக்குள்ளேயே மோதி மோதிக் களைத்துப்போனதால் வந்த தோல்வி, ஆகவே அதுவும் வலிமைக்குச் சான்று. திரு. ஷ்ரேடரிடமும் இதே இலக்கணம் இருந்தது. வடக்கின் பனிப்பொழிவு என்ற கூடுதல் அத்தியாயமும் இருந்தது.

இவ்வளவோடு நின்றிருந்தால் நான் இதை எழுத நேர்ந்திராது. நவம்பர் இறுதியில் வியாழன் முதல் ஞாயிறு வரை குடும்பங்கள் கூடும் நன்றி நவிலும் நாள் விடுமுறைக்கு இளந்தம்பதியர் எந்த வீட்டுக்கு வருவது என்ற பேச்சு அன்றே எழுந்தது. அந்த வாரச் சனிக்கிழமையில்தான் கஹாபா அணி, மாநிலத்தின் மற்றொரு பல்கலைக்கழகமான டாலபூசாவோடு ஆண்டுக்கொருமுறை மோதும். திரு. ப்ரூயிட்டின் மனைவி காலமான பின் ஆறு ஆண்டுகளாக அந்த ஆட்டத்தைத் தந்தையும் மகளும் ஒரே சோபாவில் அமர்ந்து பார்த்து வந்தார்கள். அவருக்கு ஆண்டில் அந்த ஒரு வாரம்தான் பண்டிகை. அதைத்தான் அவர் பந்தயமாக வைத்தார். தொடரில் இரு கூட்டமைப்பு அணிகளும் நேருக்கு நேர் மோதும் ஆட்டங்களை மட்டும் எண்ணுவது. திருமண நாளோடு எண்ணிக்கை முடிவது. எந்தக் கூட்டமைப்புக்கு வெற்றி அதிகமோ, அந்த வீட்டுக்கே பிள்ளைகள் ஆண்டுதோறும் வருவது. பிள்ளைகளிடம் எவரும் சொல்லவில்லை. பள்ளியில் கணிதம் கற்பிப்பவன், எந்த அணியையும் சேராதவன் என்பதால், எண்ணிக்கை வைத்திருக்கும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். மறுக்கும் துணிவு எனக்கு வரவில்லை.

திருமணத்துக்கு முந்தைய நாள்வரை கணக்கு இரண்டுக்கு இரண்டு. கஹாபா அணி முதல் சுற்றிலேயே வெளியேறியிருந்தது. எஞ்சியிருந்தது ஒரே ஆட்டம். திருமண மாலையில் நடக்கவிருந்த அரையிறுதி. ஒரு பக்கம் ஸயோடோ. தென்கிழக்கின் மானத்தைக் காக்க மறுபக்கம் நின்றது டாலபூசா.

திரு. ப்ரூயிட்டின் நிலையை விளக்க எனக்குச் சொற்கள் போதா. டாலபூசா என்ற பெயரை அவர் வாயால் உச்சரித்து எவரும் கேட்டதில்லை. "அந்த ஆளுங்க" என்பார். அந்த அணியின் ஆரஞ்சு நிறத்தில் பூசணிக்காய்கூட அவர் கடை வாசலில் இருந்ததில்லை. இப்போது அந்த ஆட்கள் வென்றால்தான் மகள் நவம்பரில் வீடு வருவாள்.

மெதடிஸ்ட் தேவாலயத்தில் திருமணம் குறையின்றி நிறைவேறியது. விருந்து மண்டபத்தில் தொலைக்காட்சி கூடாது என்பது மணமகளின் கண்டிப்பான உத்தரவு. ஆகவே மண்டபத்துச் சமையலறையில், தேநீர்க் குடுவைகளுக்கும் பன்றியிறைச்சித் தட்டுகளுக்கும் நடுவே, டூவி ஒரு சிறு தொலைக்காட்சியை வைத்திருந்தார். இரவு உணவு பரிமாறி முடிவதற்குள் ஆண்கள் பாதிப்பேர் ஏதோ ஒரு தட்டை எடுத்துவரும் சாக்கில் அங்கே சேர்ந்துவிட்டார்கள். எண்ணிக்கைக்குப் பொறுப்பானவன் என்ற முறையில் நானும் இருந்தேன்.

டாலபூசா புள்ளி எடுத்தபோதெல்லாம் திரு. ப்ரூயிட் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தார். மகிழ வேண்டும், முகம் ஒத்துழைக்கவில்லை. கடைசியில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று அவருக்குக் கைகொடுத்தது. சொந்த அணி வெளியேறிய பின் பிற அணியின் பெயரைச் சொல்லாமல் கூட்டமைப்பின் பெயரை மட்டும் முழங்குவது அது. "தென்கிழக்கு, தென்கிழக்கு" என்று அவர் மெல்லிய குரலில், கசப்பு மருந்தை விழுங்குபவர்போல் முழங்கினார்.

திரு. ஷ்ரேடர் அதை ரசித்துக் கேட்டார். "சம்பந்தி, யாருக்குக் கை தட்டுறீங்கன்னு பேரச் சொல்லித் தட்டினா என்ன? நாங்க என்ன தப்பாவா நெனைக்கப்போறோம்?"

"நான் திசைக்குத்தான் தட்டுறேன் சம்பந்தி," என்றார் திரு. ப்ரூயிட். "அந்தத் திசையில யாரு நிக்கிறாங்கன்னு நான் பார்க்கல."

ஆட்டம் முடிய இரண்டு நிமிடங்கள் இருந்தன. டாலபூசா மூன்று புள்ளிகள் முன்னிலையில் இருந்தது; பந்தும் அவர்கள் கையில். பந்தை இறுக அணைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தினாலே வெற்றி. அந்த நேரத்தில்தான் தந்தையோடு ஆட வேண்டிய நடனத்துக்கு அவரைத் தேடிக்கொண்டு, வெண்ணிற உடையை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்தபடி, டெலனி சமையலறைக்குள் நுழைந்தாள். கர்ட்டும் பின்னால் வந்தார். அவள் கோபமாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பார்வை திரையில் பட்டதும் அங்கேயே நின்றுவிட்டாள்.

கடிகாரத்தில் பத்தே விநாடிகள் எஞ்சியிருக்க, டாலபூசா வீரர் எந்தத் தேவையுமின்றிப் பந்தை நெடுந்தூரம் எறிந்தார். ஸயோடோ வீரர் ஒருவர் குறுக்கே பாய்ந்து அதைப் பிடித்தார்; பிடித்த வேகத்தில் எதிர்த்திசையில் ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டி ஆறு புள்ளிகள் எடுத்தார். அதோடு நேரமும் முடிந்தது; வெற்றி ஸயோடோவுக்கு.

சமையலறை அதிர்ந்தது. முதலில் குதித்தவர் திரு. ஷ்ரேடர் அல்லர், அவர் இன்னும் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். திரு. ப்ரூயிட்தான் இரு கைகளையும் உயர்த்தி, அறுபத்திரண்டு வயதை மறந்து, தரையைவிட்டு எழும்பினார். "செத்தானுங்கடா அந்த ஆளுங்க" என்ற அவர் குரலில் முப்பது ஆண்டுப் பகையின் உழைப்பு இருந்தது. டூவி குதித்தார். மணக்கோலத்தோடு டெலனியும் குதித்து, தந்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பெண் வீட்டார் அனைவரும் மாப்பிள்ளை வீட்டாரின் வெற்றியைக் கொண்டாடினார்கள். மாப்பிள்ளை வீட்டார் அவர்களை வேடிக்கை பார்த்தார்கள்.

மகளைக் கட்டியணைத்த நிலையில்தான் திரு. ப்ரூயிட்டுக்குப் பந்தயம் நினைவுக்கு வந்தது. அவர் கைகள் மெல்லத் தளர்ந்ததை நான் பார்த்தேன்.

"என்னப்பா?" என்றாள் டெலனி.

அவர் என்னைப் பார்த்தார். நான் திரு. ஷ்ரேடரைப் பார்த்தேன். நல்ல மனிதரான அவர் பந்தயத்தைப் பற்றித் தாமே சொல்லிவிட்டார். மூன்றுக்கு இரண்டு என்பதையும் தாழ்ந்த குரலில் சேர்த்துக்கொண்டார். கர்ட் தலையில் கைவைத்துக்கொண்டார். டெலனி இரு தந்தையரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எந்த வீட்டுக்கும் வரப்போறதில்ல," என்றாள். "நாங்க குடிபோற ராலியில, ஆஸ்பத்திரியில புதுசா சேர்ற நர்சுங்க மூணு வருஷத்துக்குப் பண்டிகை லீவு கேட்கக்கூடாது. நவம்பர்ல அந்த நாலு நாளும் எனக்கு டியூட்டி. செப்டம்பர்லயே கையெழுத்துப் போட்டாச்சு. ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

ராலி நகரம் மூன்றாவதாக ஒரு கூட்டமைப்பின் மண். அங்கே மக்கள் கூடைப்பந்துக்குத்தான் உயிரை விடுவார்கள். சம்பந்திகள் இருவரும் முதன்முறையாக ஒருவரையொருவர் பரிவோடு பார்த்துக்கொண்டார்கள்.

"அப்போ நானே அங்க வரலாமா, கண்ணு?" என்று கேட்டார் திரு. ப்ரூயிட். பந்தயம் கட்டாமல், அனுமதி கேட்டது அதுவே முதல் முறை.

"வாங்கப்பா. ஆனா பன்னெண்டு மணி நேர டியூட்டி. சனிக்கிழம எனக்கு ஒரே ஒரு மணி நேரம்தான் ஓய்வு. மூணரையிலேர்ந்து நாலரை வரைக்கும். ஓய்வறையில டிவியும் கிடையாது."

ராலியில் மூன்றரை என்றால் எங்கள் ஊரில் இரண்டரை. கஹாபாவும் டாலபூசாவும் மோதத் தொடங்கும் நேரம். சமையலறையில் இருந்த அனைவரும் அந்தக் கழித்தல் கணக்கைப் போட்டு முடித்ததை அவர்கள் முகங்களிலேயே கண்டேன்.

"அதக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியாதா?"

"எதப்பா? ஆட்டத்தையா, ஓய்வையா?"

மண்டபத்தில் இசைக்குழுவினர் தந்தையும் மகளும் ஆடவேண்டிய பாடலை இரண்டாம் முறையாகத் தொடங்கினார்கள். திரு. ஷ்ரேடர் தொலைக்காட்சியின் ஒலியைத் தாமே குறைத்தார். பாடலின் முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது சரணமும் ஏறக்குறைய முடிந்தது.

"சரி, மூணரைக்கு வந்துடறேன்," என்றார் திரு. ப்ரூயிட், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஆடச் சென்றார்.