படித்தால் அழியும் எச்சரிக்கை

திருப்பூரில் தைத்து ஏற்றுமதியான சட்டையிலிருந்து ஒரு பட்டன் கழன்று, வெளிநாட்டில் ஒரு குழந்தையின் வாய்க்குள் போய்விட்டது. அம்மா பார்த்து எடுத்துவிட்டதால் குழந்தை பிழைத்தது. அந்தப் பட்டன் உறுதியானது என்று சான்று கொடுத்தது மங்கலம் ரோட்டில் இருந்த ஒரு டெஸ்டிங் லேப்.

அந்த லேபின் மெஷின்களைக் கம்ப்யூட்டரிலிருந்து இயக்கும் புரோகிராமை எழுதியவள் மைதிலி. பட்டனை இழுத்துப் பார்க்கும் மெஷின் கீழ்த்தளத்தில் இருந்தது. கட்டளை மாடியிலிருந்து போகும். கோளாறு ஏதும் வந்தால் மெஷின் அதைத் தன் நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரில் குறித்துக்கொள்ளும். 'இந்த அளவை நம்ப முடியாது' என்று சொல்லவும் அதில் ஓர் இடம் உண்டு. அங்கே பூஜ்யம் ஒன்றாக மாறினால் சோதனை நின்றுவிடும்படி அவள் எழுதியிருந்தாள்.

ஏற்றுமதி சீசனில் சோதனை அடிக்கடி நின்றது. "சென்சார் சரியில்லீங்க சார், மாத்தோணும்" என்றாள். முதலாளி ஆறுமுகசாமி, "சீசன் முடியட்டும் கண்ணு" என்று சொல்லி, அவளைச் சோமனூர்க் கிளைக்கு அனுப்பிவைத்தார்.

பட்டன் புகார் வந்த பிறகுதான் அவள் திரும்பி வந்து அந்தப் புரோகிராமைத் திறந்தாள். எச்சரிக்கையைக் கவனிக்கச் சொல்லும் வரியை யாரோ பூஜ்யமாக்கி முடக்கியிருந்தார்கள். மெஷின் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கேட்க ஆளில்லை. லேபில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்பதால் யார் செய்தது என்றும் தெரியவில்லை.

"மெஷின் நல்லாத்தான் இருக்குது. உன்ற புரோகிராம்தான் தப்பு. நாளைக்குச் சட்டை வாங்குன கம்பெனியோட ஆடிட்டரம்மா வர்றப்ப ஒத்துக்க" என்றார் ஆறுமுகசாமி.

மைதிலி பயப்படவில்லை. நடந்துபோன கோளாறு, யாராவது படிக்கும்வரை ரிஜிஸ்டரில் அப்படியே நிற்கும். படித்த கணத்தில் அழிந்துவிடும். மெஷினை அணைத்தாலும் அழியும்; ஆனால் யாரும் அணைத்திருக்கவில்லை. ஆடிட்டர் பார்க்கப் பார்க்க அதைப் படித்துக் காட்டினால் போதும். பக்கத்து நாற்காலிக்காரரான திருமூர்த்தியிடம் மட்டும் இதைச் சொன்னாள். "நாளைக்கு வரைக்கும் ஆரும் அதைத் தொடாம பார்த்துக்கோங்க."

"செரிங்க மைதிலி" என்றார் அவர்.

மறுநாள் ஆடிட்டர் நான்கைந்து பட்டன்களை இழுக்கச் சொன்னார். விட்டு விட்டுக் கெடும் சென்சார் அன்றைக்கு ஒழுங்காக வேலை செய்தது. "இனி இதைப் பாருங்க மேடம்" என்று மைதிலி ரிஜிஸ்டரைப் படிக்கும் கட்டளையைத் தட்டினாள். திரையில் பூஜ்யம் வந்தது. மறுபடி தட்டினாள். பூஜ்யம்.

ஆடிட்டர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வண்டி நிறுத்தும் இடத்தில் திருமூர்த்தி அவளுக்காகக் காத்திருந்தார்.

"நேத்து நீங்க போனப்புறம் நான் படிச்சுப்போட்டனுங்க."

"படிச்சா அழிஞ்சுரும்னு சொன்னனல்லங்க?"

"தெரிஞ்சுதானுங்க படிச்சேன். அந்த வரிய மாத்துனதும் நான்தான். ஓனர் சொன்னாரு. ஊட்ல கொழந்தைங்க இருக்குதுங்க மைதிலி, வேலை போச்சுன்னா..."

"பட்டன் போனதும் ஒரு கொழந்தை வாய்க்குத்தானுங்க."

அவளுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "படிச்சப்ப என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுங்க."

"மேல வந்து ஆடிட்டரம்மாகிட்ட அதைச் சொல்லுங்க."

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

புரோகிராமில் பிழை என்று அறிக்கை வந்தது. மைதிலியை நிறுத்திவிட்டார்கள். திருமூர்த்தி லேப் பொறுப்பாளர் ஆனார். மைதிலி ஊரில் மற்ற லேபுகளுக்கு வேலை கேட்டுப் போனாள். அவள் போவதற்கு முன்பே அவளைப் பற்றிய பேச்சு போயிருந்தது. கடைசியில் காங்கேயத்தில் ஓர் எண்ணெய் மில்லில் பில் போடும் வேலை கிடைத்தது.

நடந்தது அத்தனையையும் எழுதி ஆடிட்டருக்கு மெயில் அனுப்பினாள். இரண்டே வரியில் பதில் வந்தது. தகவலுக்கு நன்றி. ஆதாரம் இருந்தால் இணைத்து அனுப்பவும்.