கோழி முதல் ராணி வரை கையெழுத்திட்டவர்கள்

எங்கள் ஊர்க் கலைக்கூடம் முன்பு ஐஸ் தொழிற்சாலையாக இருந்தது. அதனால்தான் அங்கே எந்த நாடகமும் சூடு பிடிப்பதில்லை என்று வாய்க்கொழுப்புப் பிடித்தவர்கள் சொல்வார்கள். முப்பத்தோரு வருடமாக அதற்குச் செயலாளர் நான்தான். வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை.

போன மாதம் நகராட்சியிலிருந்து ஓலை வந்தது. கட்டடம் முப்பது வருடம் இடைவிடாமல் மக்கள் பயன்பாட்டில் இருந்ததாக நிரூபித்தால் எங்களுக்கே எழுதித் தருவார்களாம். இல்லையென்றால் இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம். ஆதாரமாக வருகைப் பதிவேட்டைக் காட்ட வேண்டும்.

பதிவேடு ஒரு நாள்கூட விடாமல் இருக்கிறது. கோளாறு என்னவென்றால், அதில் ஒரு மனிதரின் பெயர்கூட இல்லை. கூடத்தை ஆரம்பித்த நாடக வாத்தியார், வாசற்படி தாண்டியவர்கள் வேஷத்தின் பெயரில்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார். தையல்காரர் ராஜா. மருந்துக்கடைக்காரர் மந்திரி. நான் இரண்டாம் காவலாளி. எங்களுக்கு வேஷமே இல்லையே என்று ஓவிய வகுப்புக்காரர்கள் கேட்டபோது, வரைவது எதுவோ அதைப் போடச் சொல்லிவிட்டார். ஆகவே பள்ளிக்கூடத் தலைமையாசிரியை ஒன்பது வருடம் ‘கோழி’ என்று கையெழுத்திட்டிருக்கிறார். வாத்தியார் போய்ச் சேர்ந்த பிறகும் சட்டத்தை யாரும் மாற்றவில்லை. எங்கள் புத்தி அப்படி.

சரிபார்க்க வந்த அதிகாரி முகத்தில் ஈ ஆடவில்லை. எங்களில் யாருக்கும் அப்படி நடிக்க வராது.

“யாருங்க இந்தக் கோழி?”

தலைமையாசிரியை எழுந்து நின்றார். “நான்தான் சார்.”

“இங்க ஒண்ணு போட்டுக் காட்டுங்க.”

போட்டார். ஒத்துப்போனது. ராஜாவும் மந்திரியும் போட்டார்கள். மூன்று பிணங்கள் வரிசையில் வந்து போட்டுவிட்டுப் போயின. அதிகாரி ஒவ்வொன்றுக்கும் முத்திரை குத்தினார்.

பிறகு முதல் பதிவேட்டைத் திறந்தார். “ஆரம்பத்துல நாலு வருஷம் பாதி நாள் ரெண்டே பேர்தான் வந்திருக்காங்க. ராணி, இரண்டாம் காவலாளி. ரெண்டு கையெழுத்துக்காவது ஆள் இருந்தாத்தான் அந்த நாள் செல்லும். காவலாளி யாரு?”

“நான் சார்.”

“ராணியக் கூப்பிடுங்க.”

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“செத்துட்டா சார்.”

“நாடகத்துலயா?”

“இல்ல சார். ஆஸ்பத்திரில. ஆறு வருஷம் ஆச்சு.”

அவர் பேனாவை மூடினார். “அப்ப அந்த நாலு வருஷம் கணக்குல வராதே.”

கட்டடம் போனால் போகிறது. ஆளே வராத கூடத்தைத் தினமும் திறந்து, பெருக்கி, காலி நாற்காலிகளைப் பார்த்து நாலு பக்க வசனத்தை ஒரு வார்த்தை விடாமல் பேசியவள் அவள். நான் பின்னால் ஈட்டியோடு நிற்பேன். எனக்கு வசனம் கிடையாது. அவள் வந்ததே இல்லை என்று இந்த மனிதர் எழுதப்போகிறார்.

“அவ கையெழுத்துதான் சார் அது. நான் அடையாளம் காட்டுறேன்.”

“நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?”

“புருஷன்.”

அவர் விதிப் புத்தகத்தை எடுத்து நிதானமாகப் புரட்டினார். உயிரோடு இல்லாதவர்களுக்கு நெருங்கிய உறவினர் அடையாளம் காட்டலாம் என்று ஏழாம் பக்கத்தில் இருந்தது. பேனாவைத் திறந்து பதிவேட்டுப் பக்கத்தின் ஓரத்தில் எழுதினார்: ‘ராணி. மேற்படி இரண்டாம் காவலாளியின் மனைவி.’ முத்திரை குத்தினார்.

கட்டடம் எங்களுக்கு ஆயிற்று. கூடமே கைதட்டியது. ராஜா மேசைமேல் ஏறிவிட்டார். அதிகாரி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் பின்னாலேயே வாசல்வரை போனேன்.

“சார், அந்தப் பக்கம் மட்டும் எனக்கு ஒரு காப்பி வேணும்.”

“கட்டடப் பத்திரம் தனியா வருமே. இது எதுக்கு?”

“நாங்க கல்யாணத்தப் பதியவே இல்ல சார். போகலாம் போகலாம்னு கிளம்புற அன்னிக்கெல்லாம் ஒத்திகை வந்துடும். அவ என் பொண்டாட்டின்னு எழுதின காகிதம் வீட்ல வேற ஒண்ணும் இல்ல.”

அவர் திரும்ப உள்ளே வந்து உட்கார்ந்து, அந்தப் பக்கத்தைத் தன் கையாலேயே பிரதி எடுத்து, ‘உண்மை நகல்’ என்று முத்திரை குத்திக் கொடுத்தார்.