இரண்டாவது இரண்டரை மணி

“கையெழுத்தப் போடு, இத்தோ” என்று என் பெயரைச் சொல்லித் தாளை என் பக்கம் தள்ளினார் ஜவாத். கசாபிளாங்காவில், குறித்த நேரத்தில் நோயாளிக்கு மருந்து செலுத்தும் ஆஸ்பத்திரி பம்புகளுக்கு நிரல் எழுதும் எங்கள் கம்பெனியின் முதலாளி. தாளில் பச்சை எழுத்தில் ‘பிழை: 0’.

சோதனைக் கருவி ஒன்றுதான் வாங்க முடியும் என்று மாதக்கணக்கில் சண்டை. ஒன்று, நிரலை ஓடவிடாமல் வரிவரியாகப் படித்துத் தவறு சொல்லும். மற்றது, ஓடும்போது கூடவே இருந்து என்ன நடக்கிறதென்று பார்க்கும். நான் இரண்டாவதைக் கேட்டேன். அவர் முதலாவதை வாங்கினார். பத்தே நிமிடத்தில் அது பச்சைத் தாள் தரும். வாங்குகிறவர்களுக்குத் தாள் போதும். கருவி மேல் எனக்குக் கோபமில்லை, போன வாரம்கூட ஒரு பெரிய ஓட்டையைப் பிடித்துக் கொடுத்தது. ஆனால் தப்பான யோசனையை ஒழுங்காக எழுதிவைத்தால் அது தலையாட்டிவிடும்.

“ஞாயித்துக்கிழமை கடிகாரம் பின்னால போகுது, சி ஜவாத்.” எங்கள் ஊரில் ‘சி’ என்றால் ஐயா.

“வருசா வருசம் ரமலானுக்குப் போறதுதானே? ஒரு மணி நேரம் கூடத் தூங்கு.”

“ராத்திரி மூணு ஆனதும் மறுபடி ரெண்டு. ரெண்டரைக்குத்தான் மருந்து. அந்த ரெண்டரை ரெண்டு தடவ வரும். பம்பும் ரெண்டு தடவ குடுக்கும். இதய மருந்து அது. இன்னொரு தடவ போனா ஆளு எந்திரிக்க மாட்டான்.”

“நம்ம டூல் ஒண்ணும் சொல்லலையே?”

“அது படிச்சுப் பாத்துச்சு. ஓட்டிப் பாக்கல.”

அவர் சிரித்தார். “மலைக்காரிங்களே இப்படித்தான். ஒவ்வொரு ஆட்டுக்கும் பின்னாலயே நடக்கணும்.” மேசையைச் சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள்.

என் அப்பா ஆடு மேய்ப்பவர்தான். என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாத தாளில் கட்டைவிரலை வைத்து மேய்ச்சல் நிலத்தை விட்டவர். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடப் படித்த முதல் ஆள் நான். இந்தத் தாளுக்காகவா படித்தேன்?

எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பம்பை எடுத்துவந்தேன். மருந்துக்குப் பதில் தண்ணீர். குழாயின் நுனியை ஜவாத் குடித்து வைத்திருந்த தேநீர்க் கோப்பைக்குள் விட்டேன். தேதியை ஞாயிற்றுக்கிழமையாக்கிக் கடிகாரத்தை வேகமாக ஓடவிட்டேன். இரண்டரை. புதினா இலைகள் மிதக்க, பாதிக் கோப்பை நிறைந்தது. மூன்று. மறுபடி இரண்டு. இப்போது யாரும் சிரிக்கவில்லை. மறுபடி இரண்டரை. பம்பு கொஞ்சமும் தயங்காமல் முனகத் தொடங்கியது.

“நிரல்ல இந்த வரிய எழுதினது யாரு?” ஜவாத்தின் குரல் தாழ்ந்திருந்தது.

“நான்தான். போன வருசம், ரமலான் முடிஞ்சப்புறம். முந்தாநாள் டிராம்ல நேரமாத்த அறிவிப்பப் பாத்தப்பதான் உறைச்சுது.”

“அப்ப உன்னத்தான் வெளிய அனுப்பணும், இத்தோ.”

“அனுப்புங்க. பம்ப அனுப்பாதீங்க.”

“நாலு மணிக்கு வண்டி வருது. நாப்பது பம்பு.” பேனாவின் மூடியைத் திறந்து தாளின் மேல் வைத்தார். “ஞாயித்துக்கெழம ஒரு நர்ஸ் பாத்துக்குவா. போடு.”

“எந்த நர்ஸ்? பேரச் சொல்லுங்க.”

பேனாவை நான் தொடவில்லை. கோப்பை விளிம்புவரை வந்துவிட்டது. பம்பை நிறுத்த யாரும் கை நீட்டவில்லை. ஒரு புதினா இலை விளிம்பைத் தாண்டி வழுக்கி விழுந்தது. அதன் பின்னால் தண்ணீர் மேசையில் கோடாக இறங்கித் தாளின் ஓரத்தைத் தொட்டது. பச்சைப் பூஜ்யம் மெல்லக் கலங்கத் தொடங்கியது.